வேஷச் சட்டையின் உட்புறம்

முதுகலை இறுதிப் பருவத்தில் மாணவி ஒருத்தி, கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டும் ஒருவருக்காகச் சட்டை, பாவாடை, காற்சட்டை என்று முழு உடுப்பையும் தானே வெட்டித் தைத்து, வாய்மொழித் தேர்வில் கொண்டுவந்து வைத்தாள். தேர்வாளர்கள் தொட்டுப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். பிறகு ஒரு பீஸுக்கு என்ன அடக்கவிலை, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறக்கலாம் என்று கேட்டார்கள். கடைசியில் ஒருவர், உண்மையான அக்கறையோடுதான், ஒரு யோசனையும் சொன்னார்: "இந்தக் கண்ணாடி வேலையையும் சரிகைப் பட்டியையும் குர்தியில் வைத்து ஒரு கலெக்‌ஷன் போட்டால் நல்ல மார்க்கெட் இருக்கிறது, யோசித்துப் பாரம்மா." அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மதிப்பெண்ணில் குறை வைக்கவில்லை. ஆனாலும் அந்த யோசனை என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவள் நான். திருப்பூரில் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி வரைவு, போட்டுவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவள். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் துணி தெரிந்தவர்கள், தையல் தெரிந்தவர்கள். ஆனால் மேடைக்குத் தைத்த ஓர் உடுப்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கல்லூரிகளைத் தெரிந்தவர்களுக்கு 'காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன்' படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இளங்கலையிலும் முதுகலையிலும் அது இருக்கிறது. பனியன் கம்பெனி டெய்லரின் மகளும் பள்ளிபாளையம் விசைத்தறிக்காரரின் மகளும் வந்து சேர்கிற படிப்பு. நூலின் நம்பர் தொடங்கிச் சாயம், பேட்டர்ன், அதை அளவுவாரியாகக் கூட்டிக் குறைக்கும் கிரேடிங், அடக்கவிலை, ஏற்றுமதிக் கணக்கு வரை ஒழுங்காகக் கற்றுத் தருகிறோம். உடை வரலாறு என்று ஒரு தாளும் உண்டு. எகிப்து, கிரேக்கம், மௌரியர், குப்தர் என்று படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவார்கள். வேலை பனியன் கம்பெனியில் இருப்பதால் படிப்பும் அதை நோக்கியே போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகள் எழுந்திருக்கின்றன. இத்தனை தையல் அறிவு குவிந்து கிடக்கிற ஒரு சீமையில், மேடையுடுப்பைத் தைக்க முறையாகக் கற்றுத்தரும் ஒரு முதுகலை வகுப்புக்கூட இல்லை என்பதுதான் வருத்தம்.

பல உடம்புக்கும் ஓர் உடம்புக்கும்

"அதற்கு எதற்குத் தனிப் படிப்பு? தைக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தைக்க வரும்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் தையலுக்கு உள்ளே விடும் துணியைப் பற்றிப் பேசுவேன். பனியனில் ஓவர்லாக் கத்தி விட்டுவைப்பது கால் அங்குலம். நெய்த துணிச் சட்டையில் அரை அங்குலத்துக்குள் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் வெட்டும்போது அதற்கு மேல் விடுகிற ஒவ்வொரு நூலும் நஷ்டம். மேடையுடுப்பில் பக்கத் தையலிலும் நடுமுதுகிலும் ஓர் அங்குலமாவது உள்ளே மடிந்திருக்க வேண்டும். இன்று ஒருவர் போடுவதை அடுத்த ஆண்டு அவரைவிடப் பருத்த இன்னொருவர் போடுவார். அதனால் லைனிங்கையும் சாதாரணக் கோட்டில் செய்வதுபோல் தனிப்பையாகத் தைத்து உள்ளே தொங்கவிடுவதில்லை. மேல்துணியின் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் அதே அளவு பருத்தித் துணியை வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பிடித்துத் தைப்பார்கள். அப்போதுதான் எந்தத் தையலையும் தனியாகப் பிரித்துவிடவோ பிடிக்கவோ முடியும், வெல்வெட்டும் இழுபடாமல் நிற்கும்.

வியர்வையும் அப்படித்தான். கடைச் சட்டையைத் துவைக்கலாம். சரிகை வைத்த வெல்வெட்டைத் துவைக்க முடியாது. உள்ளே கழற்றித் துவைக்கும்படி ஒரு பருத்தி உள்சட்டையோ அக்குள் துண்டோ முதலிலேயே திட்டமிட வேண்டும். இரண்டு காட்சிகளுக்கு இடையே நொடிகளில் மாற்ற வேண்டிய உடை என்றால், வெளியே தெரியும் பட்டன்கள் வெறும் அலங்காரமாக இருக்கும். உண்மையில் பிடித்திருப்பது அடியில் உள்ள கொக்கியும் பிரஸ் பட்டனும். வெல்க்ரோ எளிது, ஆனால் அமைதியான காட்சியில் பிரிக்கும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். புது வேட்டியின் வெள்ளை மேடை விளக்கில் கண்ணைப் பறித்து நடிகரின் முகத்தைக் கறுக்கடித்துவிடும் என்பதால், அதைத் தேயிலைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள். பச்சை விளக்கில் சிவப்புச் சேலை கறுப்பாகிவிடும் என்பது தெரியாமல் துணிக்கடையின் வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தெடுக்க முடியாது. இதில் எதுவும் தைக்கத் தெரிந்தவருக்குத் தானாக வருகிற அறிவு இல்லை.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் நாடக உடை தயாரிப்புக்கென்றே 3 ஆண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் அதே வளாகத்தில் இயங்கும் பிளேமேக்கர்ஸ் என்ற தொழில்முறை நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைத்துத்தான் தொழிலைக் கற்கிறார்கள். அப்படிப்பட்ட பட்டறைகளில் உடையை வரைபவர் ஒருவர். வரைந்ததை ஒரு குறிப்பிட்ட நடிகரின் உடம்புக்குப் பேட்டர்னாக மாற்றுபவர் இன்னொருவர். வெட்டுபவர், தைப்பவர், சாயம் தோய்ப்பவர், தொப்பி செய்பவர் எல்லோரும் தனித்தனி. இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், டெய்லர், கைமடிப்பவர், செக்கிங் என்று நம் சாம்பிள் ரூமில் நிற்கிற அதே வரிசை. நம்மிடம் இல்லாதது அந்த வரிசைக்கு முன்னால் நிற்கிற நடிகரின் உடம்பு மட்டும்தான். நம் பேட்டர்ன் மாஸ்டருக்கு முன்னால் அளவு அட்டவணை இருக்கிறது; அவர் வெட்டும் சட்டையை யார் போடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நம் நாட்டில் நாடகக் கல்வி இல்லாமல் இல்லை. டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் 3 ஆண்டுப் படிப்பில் வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர்கள் அரங்கம், ஒளியோடு உடையையும் சேர்த்துப் படிக்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் அங்கே உடை என்பது நாடகக்காரர் கற்கும் பல பாடங்களில் ஒன்று. நான் கேட்பது கத்தரியும் ஊசியும் பிடிக்கிறவருக்கான படிப்பை.

மூன்று நிற நூல்

அந்த மாணவி முதலில் தைத்த சட்டை வேறு. பாடத்தில் கற்றதை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்து, கையின் மேல்வளைவை உயரமாக வெட்டி, தோளில் ஒரு சுருக்கமும் விழாமல் தைத்திருந்தாள். டம்மியில் மாட்டினால் கண்ணை எடுக்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு மாரியம்மன் நோன்புக்குக் கூத்துக் கட்ட வந்திருந்த குழுவின் வாத்தியாரிடம், அதாவது குழுவை நடத்துகிறவரிடம், போனோம். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியை வைத்து, தேங்காயெண்ணெயில் அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் புதுச் சட்டையை வாங்கிப் போட்டார். மார்ப்பதக்கத்தையும் இரண்டு புஜக்கட்டைகளையும் கயிற்றால் முதுகைச் சுற்றி இழுத்துக் கட்டச் சொன்னார். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த உருப்படிகள், பார்க்கும் அளவுக்குக் கனமில்லை; ஆனால் கட்டிய பிறகு தோள் தையல் இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது. அதன் பிறகு அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, தாழ்வாரத்திலேயே ஒரு கிறிக்கி, அதாவது வேகச் சுழற்சி, அடித்தார்.

சட்டை அடிவிளிம்பு இடுப்பைவிட்டு விலாவுக்கு ஏறிவிட்டது. கைமுனை முழங்கைக்கு வந்துவிட்டது. புஜக்கட்டை இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவர் நின்று, மூச்சு வாங்கி, அவளைப் பார்த்துச் சிரித்தார். "அழகாக இருக்கிறது கண்ணு. ஆனால் இது நிற்கிறவனுக்குத் தைத்த சட்டை."

எனக்குப் பனியன் கம்பெனியில் கழித்த காலம் முழுக்க அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. பனியன் துணி இழுத்தால் வரும். கைக்குழி ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தாலும், கையின் மேல்வளைவு எப்படி இருந்தாலும், கையைத் தூக்கும்போது துணி ஈடுகொடுத்துவிடும். அதனால் கைக்குழியைப் பற்றி ஆழமாக யோசிக்க வேண்டிய தேவை எங்கள் தொழிலில் குறைவு. வெல்வெட்டும் சாட்டினும் ஈடுகொடுக்காது. அங்கே கைக்குழி அக்குளை ஒட்டி, உயரத்தில், சிறியதாக இருக்க வேண்டும். கையின் மேல்வளைவு தட்டையாக இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளில் கொஞ்சம் துணி மடியும், அது அழகில்லைதான். ஆனால் கையைத் தூக்கினால் சட்டை இருந்த இடத்தில் இருக்கும். உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவருக்கும் இரவு முழுக்கச் சுழன்று ஆடுகிறவருக்கும் ஒரே கைக்குழி பொருந்தாது.

வாத்தியார் வேஷப் பெட்டியைத் திறந்து தன் பழைய சட்டையை எடுத்தார். எங்களிடம் நீட்டுவதற்கு முன் அவரே அதை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பினார். அக்குளில் நான்கு விரல் அகலத்துக்குச் சாய்சதுரமாக ஒரு துண்டு, வெல்வெட் இல்லை, வெளுக்காத சாதாரணப் பருத்தியான காடா துணி, நூலோட்டத்துக்கு மூலைவாட்டமாக வெட்டி வைத்தது. மூலைவாட்டமாக வெட்டினால் காடாவும் கொஞ்சம் இழுபடும். அந்தத் துண்டைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. வியர்வையில் முதலில் மக்குவது அந்த இடம்தான். அதனால் அதை மட்டும் பிரித்து எடுத்துப் புதுத் துண்டு வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சட்டை அப்படியே இருக்கிறது, அக்குள் மட்டும் பல பிறவி எடுத்திருக்கிறது. பக்கத் தையலில் மூன்று விரல் துணி உள்ளே மடிந்து கிடந்தது. அதில் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று தையல் கோடுகள், மூன்று நிற நூலில். மாணவி அதைத் தடவிக்கொண்டே, "ஐயா, இது ஏன் இப்படி?" என்று கேட்டாள். அவர் விரல் வைத்துச் சொன்னார்: சிவப்பு நூல் அண்ணனுக்கு, மஞ்சள் நூல் தனக்கு, கறுப்பு நூல் இப்போது சில இரவுகளில் வேஷம் கட்டும் மகனுக்கு. யாருக்கு எந்த இரவு என்பதைப் பார்த்து, அந்த நிறத்தில் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வார்கள். அளவெடுக்க வேண்டியதே இல்லை. மூன்று உடம்புகளின் அளவும் சட்டைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது.

தைத்தவர் அந்த ஊர் டெய்லர். கூத்துக்காரர் இல்லை. ஆனால் கூத்து என்றால் முன்வரிசையில் சாக்கு விரித்து விடியும்வரை உட்கார்ந்து பார்ப்பாராம். எந்த அடவில் எந்தத் தையல் தெறிக்கும் என்று பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தவர். அவர் காலமாகிவிட்டார். மகன்கள் இருவரும் திருப்பூரில் பவர் டேபிளில், பனியன் தையல் வேலையில், இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். அந்த அக்குள் துண்டு அவரோடு நின்றுவிட்டது. இப்போது துண்டு மக்கினால் வாத்தியாரின் மனைவி கையாலேயே மாற்றித் தைக்கிறார். புதுச் சட்டை தைக்க அவருக்கு வராது.

மாணவி ஊருக்குத் திரும்பியதும் முழுச் சட்டையையும் மறுபடி வெட்டினாள். தேர்வில் வைத்தது அந்த இரண்டாவது சட்டைதான். அக்குளில் காடாத் துண்டு, பக்கத்தில் உள்மடிப்பு, இரண்டு நிற நூலுக்கான இடம் எல்லாம் அதில் இருந்தன. தேர்வாளர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், சரிகையைப் பார்த்தார்கள். யாரும் சட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. குர்தி யோசனை என்னை இத்தனை உறுத்தியதற்குக் காரணம் அதுதான். குர்திக்குப் போகும்போது வெளியில் மின்னுவது மட்டும் போகும். அந்த டெய்லர் விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடித்தது ஒன்றுகூடப் போகாது.

யார் கற்றுக்கொடுப்பது, யாருக்கு

"அவர் படித்தா கற்றார்? பார்த்துத்தானே கற்றார்" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பார்த்துக் கற்பதற்கு விடியும்வரை உட்கார நேரம் வேண்டும், பக்கத்தில் ஒரு குரு வேண்டும், கெட்டுப்போனால் போகட்டும் என்று வெட்டத் துணி வேண்டும். இந்த மூன்றும் இன்று ஓர் இளம் டெய்லருக்கு எங்கே கிடைக்கும்? ஷிப்டில் நின்றால் கூலி, பீஸ் ரேட்டில் கை வேகமாக ஓடினால் கூடுதல் கூலி. மெதுவாகச் செய்கிற வேலையைக் கற்கிறவருக்குச் சோறு போட ஆள் இல்லை. முதுகலைப் படிப்பு கொடுக்கக்கூடிய முக்கியமான பொருள் பட்டம் இல்லை, 2 ஆண்டு நேரம். இளங்கலையில் பேட்டர்னும் தையலும் கைவந்த ஒரு பெண்ணுக்கு, அந்த 2 ஆண்டில் ஓர் உடம்பை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்துவிட முடியும்.

காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை நடந்தது. கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும் என்பதை அது காட்டியது. ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு பள்ளி நடந்த நாட்டில், அவர்களுக்குத் தைக்கிறவர்களுக்கும் ஒன்று நடக்க முடியும். வாத்தியாரிடம் பட்டம் இல்லை, அவரை எப்படி வகுப்பில் நிறுத்துவது என்ற கேள்வியும் இப்போது எழ வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிப்படி, ஒரு துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, முறையான கல்வித் தகுதி இல்லாவிட்டாலும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை தொழில்வழிப் பேராசிரியராக அமர்த்தலாம். அந்த வாசல் வழியாக நிறுவனங்களின் அதிகாரிகள் வரலாம் என்றால், கட்டை செதுக்குகிறவரும் வேஷம் கட்டுகிறவரும் வரட்டும். வேஷம் கட்டியே முடி நரைத்தவருக்கு 15 ஆண்டு ஒரு கணக்கா!

படிப்புக்கு வேண்டிய பொருள் எதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. முதல் வெட்டுக்கு விலை குறைந்த துணியில் ஒரு மாதிரி தைத்து உடம்பில் போட்டுப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பள்ளிபாளையத்திலும் ஈரோட்டிலும் காடா கிடைப்பதுபோல் வேறெங்கே கிடைக்கும்? சாயத்துக்கு ஈரோடு, பட்டுக்குச் சிறுமுகை, தடித்த நெசவுக்குப் பவானி. உடுப்பைப் பழசாகக் காட்டுவது மேடைத் தையலில் ஒரு தனிக் கலை. உப்புத்தாளால் தேய்த்து, சாயம் தெளித்து, ஏழையின் சட்டையை ஏழையின் சட்டையாக ஆக்க வேண்டும். ஜீன்ஸைத் தேய்த்து வெளுக்க வைக்கிற ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள், ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

ஒளியைப் பற்றி மட்டும் வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பந்தமும் பெட்ரோமாக்ஸும் இருந்த காலத்தில், கிரீடத்துக் கண்ணாடித் துண்டுகள் அசைகிற வெளிச்சத்தை வாங்கி வாங்கித் தெறித்தன. இப்போது ஊர்க்காரர்கள் அன்பாகக் கட்டித்தருகிற வெள்ளை எல்இடி விளக்கு அசைவதில்லை. கண்ணாடி ஒரே இடத்தில் வெறிக்கிறது, மலிவான விளக்கில் செந்தூரச் சிவப்பு மங்கி மண் நிறமாகிறது. "முகம் எடுக்கவே மாட்டேன் என்கிறது" என்று வாத்தியார் குறைப்பட்டார். இன்னும் கொஞ்சம் செந்தூரம் குழைப்பதைத் தவிர அவர் கையில் வழியில்லை. துணியின் நிறத்தையும் சரிகையின் இடத்தையும் புது விளக்குக்கு ஏற்ப மாற்றி யோசிக்க வேண்டியது தைக்கிறவரின் வேலை, அதைச் சோதித்துப் பார்க்க ஓர் இருட்டறையும் நாலு விளக்கும் வேண்டும். கல்லூரியில் அது ஒரு செலவே இல்லை.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டும். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டூடியோக்களும் ராஜா ராணிப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. இன்று சினிமா சென்னையில் இருக்கிறது, போகிறவர்கள் போவார்கள். ஆனால் நம் பக்கத்தில் ஆண்டுவிழா நடத்தாத தனியார் பள்ளி உண்டா? ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பருவத்தில் வாடகைக் கடையிலிருந்து வருகிற உடுப்பில், முதுகில் வெல்க்ரோ பிய்ந்து, பாவாடை தடுக்கி, கழுத்துச் சரிகை குத்தி அழுகிற குழந்தைகளைப் பார்க்கிறோம். பரதநாட்டியப் பள்ளிகள், ஒயிலாட்டக் குழுக்கள், பெருஞ்சலங்கையாட்டம் ஆடுகிறவர்கள், கூத்துக் குழுக்கள், கோவையில் விடாமல் நாடகம் போடும் இளைஞர்கள் என்று தேவை பரவிக் கிடக்கிறது. ஒரே கம்பெனியில் நாற்பது பேருக்கு வேலை தருகிற தேவை இல்லை அது. வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் போதும். அந்த எட்டுப் பேரும் ஆளுக்கோர் ஊரில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தால், அந்த ஊரில் ஆடுகிறவர்களுக்கெல்லாம் ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.

பாடத்திட்டத்தின் வரைவு ஒன்றை நானும் இரண்டு ஆசிரியைகளும் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பருவத்தின் முதல் வேலை மட்டும் எங்களுக்குள் சண்டையில்லாமல் முடிவாகிவிட்டது: ஒரு பழைய வேஷச் சட்டையைப் பிரிக்காமல், அதன் தையலைத் தடவி, அளந்து, பேட்டர்ன் எடுத்து, அதேபோல் ஒன்றைத் தைத்து, அதைக் கட்டியவரையே போட்டு ஆடச் சொல்வது. இதற்குப் பழைய சட்டைகள் வேண்டும். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி பக்கத்தில் உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினரின் வேஷப் பெட்டியிலோ இருந்தால் எரித்துவிடாதீர்கள். கொடுக்க மனம் வராவிட்டாலும் சரி, உட்புறத்தைத் திருப்பிப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அக்குள், நடுமுதுகு, பக்கத் தையல் மூன்றும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஓர் அளவு நாடாவையும் வையுங்கள். யார் தைத்தது, யார் யார் போட்டது என்று தெரிந்தால் ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.